றோலுக்குள் கிடந்த பல்

இயேசு மரி சூசை துணை

ஸ்காபரோ,
மே 3, ஞாயிறு

அன்பு மகள் நிரோஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். என் வாயில் இரண்டு பல் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எட்மன்ரனில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். நீ புதன்கிழமை அனுப்பிய வொய்ஸ் மெசேஜை மூன்று தரம் கேட்டேன். நாலாம் தரம் கேட்க மனம் வராமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். "எல்லாம் என்னாலதான் அப்பா, நான்தானே அந்தச் சனியனை வாங்கித் தந்தனான், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அழுகிறாய். மன்னிக்கமாட்டேன். வடிவாகக் கேள், மன்னிக்கவே மாட்டேன். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கொடுக்க நான் என்ன விசரனா? லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாய். எங்களைப் பார்க்கிற ஆசையில் வருவதென்றால் இன்றைக்கே வா, அம்மா நண்டுக்கறி வைப்பார். குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வருவதென்றால் எயார்போட்டிலேயே மறித்து அடுத்த பிளேனில் ஏற்றி அனுப்பிவிடுவேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அங்கே ஸ்னோ கொட்டுகிறதா என்று கேட்பேன், அதுதான் எங்கள் இரண்டு பேருடைய பழக்கம். போதாததற்கு இப்போது 'ச' வருகிற இடமெல்லாம் எனக்கு விசில் அடிக்கிறது. அதனால்தான் பேனையை எடுத்தேன். முழுதையும் வாசி, நடுவில் நிறுத்திவிட்டுக் கோல் எடுக்காதே. முதலில் ஒன்று, கமெரா பழுது என்று நாலு ஞாயிற்றுக்கிழமையாக நான் சொன்னது பொய். கமெராவுக்கு ஒன்றும் இல்லை. வாயைக் காட்ட வெட்கமாக இருந்தது. அம்மா போன செவ்வாய்க்கிழமை வாய்தவறி உன்னிடம் சொல்லிவிட்டார், சொன்னதும் நல்லதுதான்.

ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிக்கதை. மற்றப் பாதி அம்மாவுக்கும் சரியாகத் தெரியாது. ஆறு வருஷத்துக்கு முதல் எனக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேனே, அதற்குப் பிறகு நீதான் அந்த வேப்பை, பற்றறியில் ஊதுகிற எலெக்ட்ரோனிக் சிகரெட்டை, வாங்கிக்கொண்டு வந்தாய். முப்பத்தொரு வருஷம் ஊதிய சிகரெட்டை டொக்டர்மாரும் சொல்லிப் பார்த்தார்கள், அம்மாவும் ஒளித்து வைத்துப் பார்த்தார், நான் அசையவில்லை. நீ வாங்கித் தந்ததோடு விடவில்லை. ஒரு தாளில் ஐந்து கட்டம் கீறினாய். இருபது, பன்னிரண்டு, ஆறு, மூன்று, பூச்சியம். நிக்கொட்டின் அளவு அது. இரண்டிரண்டு மாதமாக இறங்கி இறங்கிக் கடைசியில் பூச்சியத்துக்கு வரவேண்டும், ஒவ்வொரு படிக்கும் நேரே திகதி எழுதவேண்டும் என்று சொல்லி பிரிட்ஜில் ஒட்டினாய். "ஒரு வருசத்துக்குள்ள இதையும் விடோணும் அப்பா, சத்தியம் பண்ணுங்கோ" என்றாய். பண்ணினேன். பிறகு நீ எட்மன்ரனில் தண்ணீர் சுத்திகரிக்கிற இடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போதெல்லாம் இப்போது எத்தனையில் நிற்கிறீர்கள் என்று கேட்பாய். நான் பன்னிரண்டு என்றேன், பிறகு ஆறு என்றேன், போன மூன்று நாலு வருஷமும் மூன்றிலேயே நிற்கிறேன், அந்த மூன்றை மட்டும் விட முடியவில்லை என்று பெருமூச்சு வேறு விட்டேன். பிள்ளை, நான் ஒரு நாளும் இருபதை விட்டு இறங்கவில்லை. கடைக்காரனிடம் அதையேதான் கேட்டு வாங்கினேன், மாம்பழ ஐஸ், இருபது. மாம்பழ வாசம் வந்து, காருக்குள்ளும் இழுக்கிறீங்களோ என்று அம்மா கேட்கக்கூடாது என்று கண்ணாடியில் மாம்பழ எயார் பிரெஷ்னர் ஒன்றையும் தொங்கவிட்டேன். உன் அப்பனுடைய மூளை அவ்வளவும் அதற்குத்தான் செலவானது. சிகரெட்டாவது வாசலுக்குப் போய்க் குடிக்கவேண்டும், பெட்டி முடிந்தால் முடிந்ததுதான். இது தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். கண் முழித்தவுடன் ஒன்று, பல் துலக்கியவுடன் ஒன்று, துலக்கின வாயை ஊத்தை ஆக்குகிறேன் என்ற யோசனையே இல்லாமல்.

இந்த வருஷம் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வெளியே வரும்போது, தபசுகால நாற்பது நாளும் வேப்பைத் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வழக்கம்போல இறைச்சியை விட்டார், நான் இதை விட்டேன். உனக்குச் சொல்லவில்லை. உன் நினைப்பில் நான் மூன்றில் நிற்பவன், மூன்றில் நிற்பவனுக்கு அது என்ன பெரிய தபசு? இருபதில் நின்றவன் பட்ட பாட்டை அம்மாவிடம் கேள். சும்மா கதவு சாத்தின சத்தத்துக்குக்கூட எரிந்து விழுந்தேன். ஒன்பதாம் நாள் காலை பாணைக் கடித்தேன், பாணில் இரத்தம். பல்லைத் துலக்கினேன், பேசின் சிவப்பாகிவிட்டது. ஆறு வருஷமாக ஒரு சொட்டு இரத்தம் காட்டாத, பல்லைப் பிடித்திருக்கிற முரசு பிள்ளை, நானும் என் முரசு இரும்பு மாதிரி என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன். வெயார்ஹவுஸில் என்னோடு போர்க்லிப்ட் ஓடுகிற மாக்கஸிடம் சொன்னேன். "உடம்பு கேக்குது மச்சான், குடுக்காட்டி உப்பிடித்தான் செய்யும்" என்று பெரிய டொக்டர் மாதிரிச் சொன்னான். பன்னிரண்டாம் நாள் கார்பார்க்கில் நின்று இழுத்தேன். மூன்று நாளில் இரத்தம் நின்றுவிட்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆண்டவரே எனக்கு விலக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். சிரிக்காதே. மருந்துக்காக நோன்பை விடுவதில்லையா, அந்த மாதிரி. அம்மா, பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்லுங்கோ என்றார். போய்ச் சொன்னேன். பாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பல்லு டொக்டரிட்டக் காட்டினீங்களோ" என்று கேட்டார். பாவத்தைக் கேட்கிற இடத்தில் பல்லைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. உன்னிடமும், சும்மா இரண்டு கிழமை விட்டுப் பார்த்தேன் இரத்தம் வந்தது, எடுத்தேன் நின்றது, பார்த்தாயா என்று வெற்றி எடுத்தவன் மாதிரிச் சொன்னேன். நீ அதற்குப் பிறகு வந்த நாலு ஞாயிறும் டென்ரிஸ்ட்டிடம் போங்கள் என்று சொன்னாய். நோவில்லை, எதற்குப் போகவேண்டும் என்று உன் வாயை அடைத்தவன் நான். இதையும் நினைவில் வைத்துக்கொள்.

உயிர்த்த ஞாயிறன்று பிக்கரிங்கில் றெஜினா அன்ரி வீட்டில் மதியச் சாப்பாடு. அஜின்கோர்ட்டில் நாங்கள் எப்போதும் எடுக்கிற கடையில் நான்தான் இரண்டு தட்டு மட்டன் றோல் எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது நாள் இறைச்சி தொடாத அம்மா ஆசையோடு ஒன்றை எடுத்தார், நானும் ஒன்றைக் கடித்தேன். கடக்கென்று ஒரு கட்டி. எலும்பு என்று நினைத்து ரிசுப் பேப்பரில் துப்பிச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே கடைக்குக் கோல் எடுத்தேன். ஸ்பீக்கரில் வேறு போட்டேன், எல்லோரும் கேட்கட்டும் என்று. "சின்னப் பிள்ளையள் தின்னுற சாமானுக்குள்ள எலும்பு போடுறியளோ, தொண்டையில இறுகினா ஆர் பதில் சொல்லுறது" என்று வீடு அதிரக் கத்தினேன். அந்தப் பக்கத்தில் கதைத்த பெண் பாவம், பெருநாள் வியாபாரத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "அண்ணை, நாங்கள் எலும்பில்லாத இறைச்சிதான் போடுறனாங்கள், ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு இன்னும் ஏறியது. அதற்குள் றெஜினா அந்த ரிசுவை விரித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எலும்பில்லை, பல்லு" என்றாள். ஸ்பீக்கர் இன்னும் போட்டபடி. போனுக்குள்ளிருந்து அந்தப் பெண், "ஆற்ற பல்லு அண்ணை?" என்று கேட்டார். நான் நாக்கால் தடவிப் பார்த்தேன். கீழ் வரிசையில் முன்னுக்கு ஒரு ஓட்டை. நோவு இல்லை, இரத்தமும் இல்லை. பல் விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லையே, அதுதான் என்னைப் பயப்படுத்தியது. றோல் எவ்வளவு மெத்தென்ற சாமான், அதற்கே கழன்று வந்துவிட்டதென்றால் வேரில் என்ன இருந்திருக்கும்?

வியாழக்கிழமை மோர்னிங்சைட்டில் கௌசியிடம் போனேன். என்னோடு முந்தி வேலை செய்த சண்முகலிங்கம் அண்ணையின் மகள், நீயும் அவளும் ஒரே வயது. பாவாடை சட்டையோடு பார்த்த பிள்ளை, இப்போது பல் டொக்டர், ஆனபடியால் அவர் என்றுதான் எழுதவேண்டும். கதிரையில் சாய்த்துப் போட்டு, கூரான ஒரு கம்பியை முரசுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு விட்டு அளந்து, பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு நம்பர் சொன்னார். ஆறு, ஏழு, ஐந்து, ஏழு, எட்டு. பங்கு மண்டபத்தில் பிங்கோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மூன்றுக்குள் இருந்தால்தான் நல்ல முரசாம். வேப் அடிக்கிறனீங்களோ என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான், இருபதையும் ஆறு வருஷத்தையும் தபசையும் மாக்கஸையும் ஒன்று விடாமல் கொட்டினேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்து சொன்னது இதுதான். "அங்கிள், நிக்கொட்டின் இரத்தக்குழாயைச் சுருக்கிப்போடும். முரசு உள்ளுக்குள்ள அழுகினாலும் இரத்தம் வராது, நோவும் பெரிசாத் தெரியாது. நீங்கள் விட்ட பன்ரெண்டு நாளும்தான் உங்கட முரசு உண்மையைச் சொன்னது. நீங்கள் திரும்ப இழுத்து அதின்ர வாயைப் பொத்திப்போட்டியள்." அந்தப் புகை வாயில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுமாம், எச்சில் குறைந்தால் பல்லைக் கழுவ ஆள் இல்லை, அந்த இனிப்பு வாசத் தண்ணீர் பல்லில் ஒட்டி நிற்க, கிருமி அதிலே குடியிருக்குமாம். பல்லைப் பிடித்து வைத்திருக்கிற எலும்பு ஓசைப்படாமல் கரைந்திருக்கிறது. எக்ஸ்றேயில் காட்டினார், கடற்கரையில் மண் அரித்த மாதிரி இருந்தது. விழுந்ததற்குப் பக்கத்துப் பல்லையும் அன்றைக்கே எடுக்கவேண்டி வந்தது. இன்னும் நாலு ஆடுகிறது. வேப்பை முற்றாக விட்டு, அவர் முரசுக்குள் சுத்தம் பண்ண விட்டு, சொன்னபடி துலக்கினால் அந்த நாலையும் காப்பாற்றப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வருஷக் கடைசிக்குள் அவையும் போகும் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

இனித்தான் நீ கேட்கவேண்டிய இடம். நான் கௌசியிடம் கேட்டேன், என் மகள் இதை வாங்கித் தராமல் விட்டிருந்தால் என் பல் இருந்திருக்குமா என்று. உன் மெசேஜ் வருவதற்கு மூன்று கிழமைக்கு முதலே கேட்டேன், ஏனென்றால் நீ இதைத்தான் நினைப்பாய் என்று எனக்குத் தெரியும், உன்னை நான்தானே வளர்த்தேன். அவர் சொன்னார், "அங்கிள், இது முப்பது வருச சிகரெட்டில துவங்கின வேலை. நீங்கள் சிகரெட்டோடயே இருந்திருந்தா, பல்லைப் பற்றிக் கதைக்க இந்தக் கதிரையில வந்து இருந்திருப்பியளோ தெரியாது." கேட்டாயா? நீ என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கையைப் பிடித்து இறக்கினாய். ஏணியில் இறங்கச் சொல்லி ஏணியையும் வைத்தாய். மேல்படியிலேயே ஆறு வருஷம் குந்தியிருந்துகொண்டு, கீழே வந்துவிட்டேன் கீழே வந்துவிட்டேன் என்று கத்தியவன் நான். அதற்கு ஏணி வைத்த பிள்ளை அழுவதா? நான் விடமாட்டேன். என் வாய், என் பல், என் பொய். இந்த மூன்றிலும் உனக்குப் பங்கு தரமாட்டேன். நீ எவ்வளவு அழுதாலும் தரமாட்டேன்.

மாக்கஸ் இப்போது வேறு பாட்டுப் பாடுகிறான். சிகரெட்டுக்கே திரும்பு, அது இலை, இயற்கை, வேப்தான் கெமிக்கல் என்கிறான். உன்னுடைய மேல்வரிசையில் எத்தனை சொந்தப் பல் என்று கேட்டேன், அன்றிலிருந்து கோப்பிக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாமல் விடட்டும். இருபத்துநாலு நாளாகிறது பிள்ளை. நாளுக்கு நூறு தரம் கை பொக்கற்றுக்குப் போகும், போனால் கையில் கராம்பு அகப்படும், அதை மென்றுகொண்டு திரிகிறேன். கௌசி நிக்கொட்டின் பட்சும் தந்தார், தோளில் ஒட்டியிருக்கிறது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், இந்த முறை நம்பரை அம்மாதான் பெட்டியைப் பார்த்து எழுதுகிறார், என்னிடம் ஒருவரும் கேட்பதில்லை. முதல் இரண்டு கிழமையும் பல் துலக்கும்போது இரத்தம் வந்தது. அம்மா பயந்துவிட்டார். நான் பேசினைப் பார்த்து, இப்போதாவது உண்மையைச் சொல்கிறாயே, சொல்லு சொல்லு என்றேன். இப்போது குறைந்துகொண்டு வருகிறது, இந்த முறை அது ஒளிந்துகொள்வதால் குறையவில்லை. றோல் கடைக்கும் போனேன். அம்மா கோல் எடுத்துச் சொன்னால் போதும் என்றார், கத்தினது எல்லோர் முன்னாலும் என்றால் மன்னிப்பும் ஆட்கள் நிற்கும்போதுதான் கேட்கவேண்டும் என்று சனிக்கிழமை மத்தியானம், வரிசை வாசல்வரைக்கும் நிற்கும்போது போய்க் கேட்டேன். அந்தப் பெண் என் வாயைப் பார்த்துவிட்டு, "ஓ, நீங்கள்தானோ அந்த அண்ணை" என்று சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்று நான் தடுக்கத் தடுக்க ஒரு பை நிறைய இடியப்பம் தந்து அனுப்பினார்.

இன்று காலைப் பூசையில் இரண்டாம் வாசகம் என் முறை. கட்டுப்பல் வரும்வரைக்கும் வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டார்கள். எதற்கு? ஓட்டையோடு பிறந்த சனம் எத்தனை, ஓட்டையோடு சாகிற சனம் எத்தனை, வாசிக்க வாய் இருந்தால் போதும் என்று ஏறினேன். 'சகோதரரே' என்று தொடங்கவேண்டும், பார், தொடக்கமே 'ச'. கோயில் முழுக்க விசில். முன்வரிசையில் இருந்த குஞ்சு குருமான் எல்லாம் சிரித்தது. நான் நிறுத்தி, அவர்களுக்கு வாயைத் திறந்து காட்டிவிட்டு, மற்றதையும் வாசித்து முடித்தேன். அம்மா வெட்கத்தில் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடினார். பூசை முடிய இரண்டு பெடியன்கள் வந்து, உண்மையாகவே வேப்பாலா அங்கிள் என்று கேட்டார்கள். ஓம் என்றேன். ஒருவன் கை மெல்ல அவனுடைய பொக்கற்றுக்குப் போனதைப் பார்த்தேன், வாயை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தேன், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பிரிட்ஜில் நீ ஒட்டிய அதே தாள்தான், மூலை மஞ்சளாகிவிட்டது, ஒரு இடத்தில் குழம்பும் பட்டிருக்கிறது. ஆறு வருஷமாக ஒரு திகதியும் எழுதாமல் கிடந்தது. நேற்று எடுத்து எழுதினேன். இருபதுக்கு நேரே நீ அதை என் கையில் தந்த நாள். பூச்சியத்துக்கு நேரே கௌசியிடம் போன நாள், ஏப்ரல் 9. பட்ச் இருக்கும்போது பூச்சியம் என்று எப்படி எழுதலாம் என்று அம்மா சண்டைக்கு வந்தார், வேப்புக்குப் பூச்சியம் என்று பக்கத்தில் சின்னதாக எழுதிவிட்டேன், இனிப் பொய் வேண்டாம். நடுவில் மூன்று கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்த்து நீ அழப்போவதென்றால் ஒன்றை மட்டும் நினை, கட்டத்தைக் கீறியது மட்டும்தான் நீ. வெறுமையாக விட்டவன் நான்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே மே மாதத்திலும் ஐஸ் கிடக்குமாம், காலில் நல்ல சப்பாத்தைப் போடு. முரசு வியாதி பரம்பரையிலும் வருமாம், நோவில்லை என்று என்னை மாதிரி இருந்துவிடாமல் அங்கே ஒரு டென்ரிஸ்ட்டிடம் போய் நம்பர் எடுத்து எனக்கு அனுப்பு, உண்மையான நம்பரை அனுப்பு. அந்த மன்னிப்பு மெசேஜை அழித்துவிடு, இங்கே அம்மாவின் போனில் நான் அழித்துவிட்டேன். ஆண்டவரும் மாதாவும் உன் போக்கிலும் வரவிலும் கூட நிற்பார்கள். வாற ஞாயிறு ஏழு மணிக்கு வீடியோவில் எடுப்பேன். கமெரா பழுதில்லை. வாய் நிறையச் சிரிப்பேன், நீயும் சிரிக்கவேண்டும். இரண்டு பல் இருக்காது, நாலு ஆடும், அத்தனையையும் எண்ணிப் பார். ஒன்றுகூட நீ எடுத்தது இல்லை.

இருபத்துநாலாம் நாளில்,
உன் அப்பா
அலெக்ஸாண்டர்